நியூஸ் இருக்குதுக்கா

அவள் கதவைத் தட்டமாட்டாள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அதில் உள்ளங்கையால் இரண்டு அடி அடிப்பாள். பிறகு இடுப்பில் குழந்தையோடு என் வாசலுக்கு வந்து நின்று, "யக்கா, நியூஸ் இருக்குது" என்பாள்.

நான் அப்போது ஒரு தினசரிக்குக் கும்மிடிப்பூண்டி வட்டாரச் செய்தியாளராக இருந்தேன். தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் கொண்ட வரிசை. கடைசி வீடு என்னுடையது, அதற்கு முந்தையது அவளுடையது. ஐந்தே முக்காலுக்கு நான் அன்றைய செய்திகளை அனுப்பி முடித்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு நாளும் சுவரைத் தட்டியதில்லை.

அவள் கொண்டுவரும் செய்தி எப்போதும் குழந்தையைப் பற்றியது.

"குளிப்பாட்ட சொல்லோ சோப்பு நொரைய எடுத்து எனக்கு மீசை வெச்சுதுக்கா. வெச்சிட்டு அதுவே சிரிக்குது. எழுதிக்கோங்க."

நான் காற்றில் பேனா பிடித்து எழுதுவேன்.

"மொத பக்கமா, உள்பக்கமா?"

"மொத பக்கந்தான். போட்டோவோட போடணும். மந்திரி போட்டோவ உள்ள தள்ளுங்க."

குழந்தை என் கையைப் பார்க்கும், பிறகு அவள் முகத்தைப் பார்க்கும், பிறகு சிரிக்கும்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. பிறவியிலிருந்தே கேட்டதில்லை. மூன்று வயது முடிந்து பள்ளியில் சேர்க்கப் போகும்வரை அது யாருக்கும் தெரியவில்லை. அவள் தினமும் மகிழ்ச்சியோடு கொண்டுவந்த செய்திகளில் பாதி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் நின்றபடியே வயர்களுக்கு முனை பொருத்தியவள். வலது கட்டைவிரல் நகம் அந்த வேலையால் தட்டையாகியிருந்தது. குழந்தைக்கு மூன்று வயது ஆனதும் பள்ளியில் விட்டுவிட்டு மறுபடி கம்பெனிக்குப் போவது என்று கணவனும் அவளும் பேசி வைத்திருந்தார்கள்.

"என் லைஃப்லயே இதாங்க்கா லீவு" என்று சொல்வாள். "இஸ்கூல் தொறக்கற வரைக்கும். இத்த ஒரு நாளு கூட யாருக்கும் தரமாட்டேன்."

அவள் யாருக்கும் தரவில்லை. அங்கன்வாடி ஊழியர் இரண்டு முறை வீடு தேடி வந்தார். "மத்தப் புள்ளைங்களோட வெளையாடட்டும்மா, காலையில வுட்டுட்டு மத்தியானம் கூட்டினு வந்துடு" என்றார். இவள் சத்துமாவு பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். "அங்க வுட்டுட்டு நான் இங்க இன்னா பண்றது மேடம்? செவுத்தப் பாத்துக்கினு குந்தறதா?" என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

அவளுடைய நாள் எப்படிப் போகும் என்பதை நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். எங்கள் வரிசையின் ஜன்னல் கட்டைகளில் விடியும்போது கருப்புத் தூள் படிந்திருக்கும். உருக்கு ஆலைகளின் புகைத்தூசி. மற்ற வீடுகளில் எழுந்ததும் முதல் வேலையாகத் துடைத்துவிடுவார்கள். அவள் துடைக்கமாட்டாள். குழந்தை எழுந்து வந்து அந்தத் தூளில் விரலால் கோடு இழுத்து முடிக்கும்வரை ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "நேத்து கோடு, இன்னிக்கி ரவுண்டு" என்று எனக்குக் காட்டுவாள். அதன் பிறகே துடைப்பாள். நீண்ட கம்பிகளை ஏற்றிய லாரிகள் பின்முனையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போகும். அந்தத் துணிக்குக் குழந்தை டாட்டா காட்டும். டிரைவருக்குக் காட்டாது. அது ஒரு வாரத்துச் செய்தி.

கணவன் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்தான். அங்கே இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. எல்லாம் கைதான். உள்ளங்கையை மேலே தூக்கினால் ஏற்று. முஷ்டியை மூடினால் நிறுத்து. இரண்டு விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. பத்து வருடம் அங்கே வேலை பார்த்ததில் அவனுக்கே காது பாதி மந்தமாகிவிட்டிருந்தது. வீட்டிலும் கையால்தான் சோறு கேட்பான். அவளும் கையாலேயே பதில் சொல்வாள். எங்கள் வரிசையில் எல்லோருமே உரக்கப் பேசுவார்கள், பேசும்போது கையையும் சேர்த்துக்கொள்வார்கள். பாஷையில் பாதி கையாக இருந்த வீட்டில் அந்தக் குழந்தை வளர்ந்தது.

"யக்கா, நியூஸ். சோறு ஊட்டினு இருந்தேன். போதும்னு கைய மூடி காட்டுதுக்கா, அப்பிடியே அவங்க நைனா மாதிரி. இத்தனூண்டு கை. இன்னும் ஒரு வாய்னு கொண்டு போனேன். ஃபோர்மேனாட்டம் மொறைக்குது!"

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது, நானும் சிரித்தேன். இரண்டரை வயதுக் குழந்தை 'போதும்' என்று ஏன் வாயால் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு முறை கேட்டாள். குழந்தை 'ப்பா', 'ங்ங்' என்று சத்தம் எழுப்பும். அதற்கு மேல் சொல் வரவில்லை. மாமியாரிடம் போனில் கேட்டதற்கு, "உம் புருசனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப மட்டும் இன்னா பேசறான்? அந்த வம்சம் அப்பிடித்தான்" என்று பதில் வந்ததாம். மூன்றாவது வீட்டுக்காரி வசம்பு உரசி நாக்கில் தடவச் சொன்னாள். தடவினாள். குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பியது. அந்தச் சுளிப்பு அன்று ஐந்தே முக்கால் செய்தியாக வந்தது.

எங்கள் வரிசைக்கு எதிரே பழைய இரும்பு இறக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டால் மூன்று டன், நான்கு டன் இரும்பு ஒரே மூச்சில் சரியும். தரை அதிரும், பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பகலில் உறங்கும் குழந்தைகள் வீறிட்டு எழும். அதைப் பற்றி எழுத நான் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் குழந்தைகள் இருந்த பதினான்கு வீடுகளுக்கும் போனேன். பதின்மூன்று வீடுகளில் ஒரே குறை. குழந்தை தூங்குவதில்லை, மிரள்கிறது, பால் குடிக்கமாட்டேன் என்கிறது. ஒரு தாய் அழுதாள்.

பதினான்காவது வீடு அவளுடையது.

"எங்களுக்கு ஒண்ணும் பேஜாரு இல்லக்கா" என்றாள் பெருமையோடு. "எம்பொண்ணு சமத்து. இடியே விழுந்தாலும் அது பாட்டுக்கு தூங்கும். நேத்து நானே தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன், அது திரும்பிக்கூட படுக்கல. இங்கியே வளந்தது இல்ல? பழகிப்போச்சு."

அதையும் எழுதிக்கொண்டேன். மாலையில் செய்தி தயாரிக்கும்போது அந்த வரியை அடித்துவிட்டேன். இரைச்சலால் குழந்தைகள் அவதி என்பது செய்தி. ஒரு குழந்தை மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறது என்பது அதில் பொருந்தவில்லை. பொருந்தாததை விட்டுவிடுவது என் தொழில் பழக்கம். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வரியும் அதன் மேல் நேராக ஒரு கோடும் இருக்கின்றன.

தீபாவளிக்கு வரிசையில் எல்லாக் குழந்தைகளும் சரவெடிக்குப் பயந்து உள்ளே ஓடின. இவள் குழந்தை மட்டும் வாசற்படியில் நின்று புகையையும் பொறியையும் வாய் திறந்து பார்த்தது. கணவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வந்தான். "சிங்கம்டா!" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் குழந்தை திரும்பாது. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "அவ்ளோ வீம்பு. என்ன மாதிரி. நாமதான் ராணியம்மா எதிர்ல போயி நிக்கணும்." அப்படியே போய் எதிரில் உட்காருவாள். உட்கார்ந்ததும் குழந்தை இரண்டு கைகளாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும். அவள் பாட்டு முணுமுணுத்துத் தூங்கவைக்கும்போது அது அவள் தொண்டைக்குழியில் வாயைப் பதித்துக்கொள்ளும். "கழுத்துல முத்தம் குடுத்துக்கினே தூங்குதுக்கா. எந்தப் புள்ளயாவது அப்பிடி செய்யுமா?" என்று கேட்டாள். நான் எந்தக் குழந்தையும் வளர்த்ததில்லை. செய்யாது என்றேன்.

குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதற்கு அவளிடம் ஓர் அசைக்கமுடியாத ஆதாரமும் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து கணவன் வரும்போது, அவனுடைய பழைய மொபெட் தெருமுனையில் திரும்பும் சத்தத்துக்கே குழந்தை எழுந்து கதவுக்கு ஓடும். நானே பார்த்திருக்கிறேன். அவன் வீட்டை அடைய இன்னும் அரை நிமிடம் இருக்கும். குழந்தை கதவில் கையை ஊன்றி நிற்கும். "அவங்க நைனா வண்டிய ஆயிரம் வண்டில கண்டுபுடிக்கும்" என்பாள்.

ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்கப் போனபோது என்னையும் அழைத்தாள். "ரிப்போர்ட்டரு கூட வந்தா மரியாதையா பேசுவாங்க" என்றாள். குழந்தைக்குப் புது ஃபிராக், இரட்டைச் சடை, கழுத்தில் நீலத் தண்ணீர் பாட்டில். அது சிறிய தனியார் பள்ளி. தலைமை ஆசிரியை ஐம்பதைத் தாண்டியவர். வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மரக்கிளையில் ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்கியது. அதுதான் மணி.

ஆசிரியை படங்களைக் காட்டினார். குழந்தை ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தது. பேர் என்ன என்று கேட்டார். அது அம்மாவின் முகத்தைப் பார்த்தது. "புது எடம் இல்ல மிஸ், கூச்சம்" என்றாள் அவள்.

அப்போது ஆயா வந்து இரும்புக் கம்பியால் மணியை அடித்தார். எங்கள் தலைக்கு மேல் ஓரடி உயரத்தில் இருந்தது அது. என் கையிலிருந்த பை நழுவியது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டான். குழந்தை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. திருகி முடித்தது. மறுபடி திறந்தது.

ஆசிரியை குழந்தையைப் பார்த்தார். பிறகு எழுந்து, அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, பலமாகக் கைதட்டினார். ஒரு முறை. இன்னொரு முறை.

அவள் சிரித்தாள். "அதுக்கெல்லாம் அசராது மிஸ். தீவாளிக்கே பயப்படாத புள்ள."

ஆசிரியை சிரிக்கவில்லை. உட்கார்ந்து, விண்ணப்பத் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். "சீட்டு எங்கியும் போவாதும்மா. ஒரு தபா காது பாத்துட்டு வந்துடு. சும்மா, ஒரு தபா."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவள் கொதித்துக்கொண்டே வந்தாள். "இன்னா பேச்சு பேசுது பாத்தீங்களாக்கா அந்தம்மா? பேர் சொல்லலன்னா செவுடா? எம்பொண்ணு மொபெட்டு சத்தத்த தெரு முனைலயே கண்டுபுடிக்குது. இந்த இஸ்கூலே வாணாம் போ." குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து அவள் உதடுகள் வேகமாக அசைவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதன் காதருகே சொடுக்குப் போட நினைத்தேன். போடவில்லை.

அன்று பிற்பகல் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் எவர்சில்வர் தட்டு விழுந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி விழுந்தது. பிறகு குண்டான். பிறகு தட்டு, பிறகு இரும்பு வாணலி. எந்தத் துக்க வீட்டிலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது என் வழக்கம். அன்று அந்தச் சத்தங்களை எண்ணவில்லை. கடைசியில் சத்தம் நின்றது. ஐந்தே முக்காலுக்கு யாரும் சுவரைத் தட்டவில்லை.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனாள். முதல் நாள் ஒரு பரிசோதனை, அடுத்த வாரம் இன்னொன்று, அதன் பிறகு தலையை ஸ்கேன் செய்தார்கள். அவள் பிறந்த ஊரில் பிரசவம் பார்த்த இடத்தில் ஒரு மாதம் கழித்துக் காதுப் பரிசோதனைக்கு வரச் சொல்லி சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் கணவன் இங்கே அழைத்து வந்துவிட்டான். அந்தச் சீட்டு குழந்தையின் முதல் சட்டையோடு பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

முடிவு தெரிந்த அன்று அவள் திரும்பியபோது கணவன் ஷிஃப்ட் முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

"இன்னா?" என்றான்.

மறுபடி சொன்னாள். அவன் கையைக் காதருகே குவித்தான். "சத்தமா சொல்லுமே."

"காது கேக்காதாம்!" என்று கத்தினாள். வரிசையில் எல்லாக் கதவுகளும் திறந்தன.

"யாருக்கு? எனக்கா?"

"உனக்கில்லய்யா. பாப்பாக்கு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கி முஷ்டியை மூடினான். நிறுத்து. அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். குழந்தை அவனைப் பார்த்துத் தானும் முஷ்டியை மூடிக் காட்டிச் சிரித்தது.

காது நரம்பு மிக மெல்லியதாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்தாலும் எவ்வளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் முயன்று பார்க்கவாவது நேரம் இருந்திருக்கும் என்றாராம்.

"இவ்ளோ நாளு இன்னா பண்ணினு இருந்தீங்கன்னு கேட்டாருக்கா" என்றாள். "இன்னான்னு சொல்றது? சந்தோசமா இருந்தேன்னு சொல்ல முடியுமா?"

அதன் பிறகு ஐந்தே முக்காலுக்கு மறுபடி வரத் தொடங்கினாள். சுவரைத் தட்டமாட்டாள். வந்து நிற்பாள். தான் கொடுத்த செய்திகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்ததுபோல் இருந்தது.

"அன்னிக்கி தீவாளிக்கி பயப்படலன்னு சொன்னேனே. அது தைரியம் இல்லியா?"

இன்னொரு நாள்: "தூங்கும்னு சொன்னேனே, சமத்துன்னு. அதுவும் இதானா?"

அவள் தூக்கத்தைப் பற்றிச் சொன்ன வரியை நான் அடித்த கதையைச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தையும் காட்டினேன். அவள் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். கோபப்படவில்லை. "நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க. கூடவே இருந்தது நானு" என்றாள். அங்கன்வாடிக்கு அனுப்பியிருந்தால் அந்த மேடம் கண்டுபிடித்திருப்பார் என்று அவளே சொன்னாள். "லீவு லீவுன்னு கைக்குள்ளயே வெச்சிக்கினேன்" என்றாள்.

ஒரு நாள் கழுத்தைத் தொட்டுக்கொண்டு வந்தாள். "பாட்டு பாட சொல்லோ இங்க வாய வெச்சிக்குமே. டாக்டரு கிட்ட சொன்னேன். அதிருதில்ல, அதுக்காம். அது முத்தம் இல்லியாக்கா?"

முத்தமும்தான் என்றேன். ஒரு செய்தியாளர் சொல்லக்கூடாத பதில் அது. என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மொபெட் மட்டும் மிச்சம் இருந்தது. மூன்று பரிசோதனைகளுக்குப் பிறகும் அதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "அது மட்டும் எப்பிடிக்கா? அது கேக்குதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மாலை நான் அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். குழந்தை தரையில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, நெற்றி முடியை ஒதுக்கி, அடுப்புப் பக்கம் திரும்பினாள். குழந்தை மூடியைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடியது.

இருவரும் அதைப் பார்த்தோம். அவள் துண்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

மறுநாள் அதே நேரத்தில் அவள் துண்டைத் தொடவில்லை, அசையவில்லை, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மொபெட் தெருமுனையில் திரும்பியது, வாசலில் வந்து நின்றது, கணவன் உள்ளே வந்தான். குழந்தை மூடிகளை அடுக்கிக்கொண்டே இருந்தது. அவன் தோளைத் தொட்ட பிறகே திரும்பியது. இதை அவளே வந்து சொன்னாள். அன்று அவள் அழவில்லை.

"வண்டிய இல்லக்கா, என்னத்தான் பாத்துக்கினு இருந்திருக்குது. நான் சிரிச்சா சிரிக்கும், நான் பயந்தா பயப்படும். தீவாளிக்கி நான் பயப்படல, அதான் அதுவும் பயப்படல. மூணு வருசமா எம் மூஞ்சிய தவுர வேற எதுவும் இல்ல அதுக்கு." பிறகு கேட்டாள்: "அப்ப நான் இனிமே அழக்கூடக் கூடாது, இல்ல?"

அந்த ஆண்டுக் கடைசியில் என்னைத் திருவள்ளூருக்கு மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்யும்வரை நான் பார்த்த அவள் வேறு ஆள். அழவேண்டியிருந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். குழந்தை தேடிக்கொண்டு வந்து, சுற்றிப் போய், சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நுழைந்து அண்ணாந்து பார்க்கும். அதற்குள் அவள் முகத்தைச் சரிசெய்துவிடுவாள்.

கடைசியாக அவளை நான் பார்த்தது கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில், எதிர் பிளாட்பாரத்தில். மருத்துவமனைக்கான மஞ்சள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். குழந்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று ஆரம்பாக்கம் பக்கமிருந்து ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்தது. பிளாட்பாரத்தில் பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெஞ்சு அதிர்ந்திருக்க வேண்டும், குழந்தை கைகளால் அதைப் பற்றிக்கொண்டு சட்டென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவள் குனிந்து சிரித்தாள். ரயில் நடுவில் வந்து மறைத்துவிட்டது.

கடைசிப் பெட்டியும் போன பிறகு பார்த்தேன். அதே சிரிப்பு, அதே அளவில், உதடுகள் இழுபட்டபடி அப்படியே இருந்தது. காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அவளைக் கூப்பிடவேண்டும் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் முகத்தை என் பக்கம் திருப்பியிருப்பாள். குழந்தை இன்னும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.